லீக்கில் சேர யாருக்குத் தகுதி? ரக்பி இரண்டாகப் பிரிந்த கதை

(தோட்டப்புற இளைஞர்களின் காற்பந்துக் குழு ஒன்று நடத்திய ஆண்டுக் கூட்டத்தில், பெற்றோர்கள், ஆட்டக்காரர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



உங்கள் செயலாளர் என்னை அழைத்தபோது விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். மாவட்ட லீக்கில் சேர உங்கள் குழு விண்ணப்பம் செய்தது. தகுதி நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யவில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எந்த நிபந்தனை? அதை எழுதியவர் யார்? எதைச் சரி செய்தால் சேரலாம்? அந்தக் கடிதத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லை.

இப்போது உங்களிடையே இரண்டு கருத்து இருக்கிறது. "மறுபடியும் மனு போடுவோம்" என்கிறார்கள் சிலர். "நமக்கென்று தனி லீக் தொடங்கிவிடுவோம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம்" என்கிறார்கள் சிலர். இன்று நீங்கள் வாக்கெடுப்பு நடத்தப் போகிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு கதை சொல்ல எனக்கு நேரம் கொடுத்திருக்கிறீர்கள். அது ரக்பியின் கதை.

நம் பிள்ளைகள் ஆடுவது காற்பந்து, இவர் ரக்பியைப் பற்றிப் பேசுகிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. "எந்தச் சங்கத்தை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது" என்ற ஒரே கேள்வியால் ஓர் ஆட்டம் நடுவில் பிளந்து இரண்டு ஆட்டமாகவே ஆகிவிட்டது என்றால், அது ரக்பிதான். அங்கே வெளியே நிறுத்தப்பட்டவர்கள் வேறு இனத்தவர் அல்லர், வேறு மதத்தவர் அல்லர். அவர்களும் வெள்ளைக்காரர்கள்தாம். ஆனால் கூலித் தொழிலாளர்கள். அதனால்தான் இந்தக் கதை நமக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

லீக் என்றால் என்ன?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமெச்சூர் லீக் என்பது அரசாங்க இலாகா அல்ல. சங்கங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட ஒரு சங்கம். ஆகவே உள்ளே வர விரும்பும் புதியவரைப் பற்றி முடிவு செய்வது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். எல்லா ஊரிலும், எல்லா ஆட்டத்திலும் இதுதான் நடைமுறை. இதில் தவறு இல்லை. ஆனால் இதில் ஆபத்து உண்டு.

லீக்குகள் வைக்கும் நிபந்தனைகளை நான் மூன்று கூடையில் போட்டுப் பார்ப்பது வழக்கம்.

முதல் கூடை, ஆட்டம் நடப்பதற்கு வேண்டியவை. திடல் இருக்கிறதா, உடை மாற்ற இடம் உண்டா, போதுமான ஆட்டக்காரர் உண்டா, அடிபட்டால் முதலுதவிக்கு ஆள் உண்டா. ரக்பி முட்டி மோதும் ஆட்டம் என்பதால் காப்புறுதியும் முதலுதவியும் அங்கே கண்டிப்பாகக் கேட்கப்படும்.

இரண்டாவது கூடை, நிர்வாகத்துக்கு வேண்டியவை. சட்டவிதி, தேர்ந்தெடுக்கப்பட்ட செயலவை, கணக்கு வழக்கு, வங்கிக் கணக்கு, சந்தா, ஆட்டத்துக்கு வராமல் போனால் அபராதம் கட்டும் உத்தரவாதம்.

மூன்றாவது கூடைதான் சிக்கலானது. அதில் இருப்பவை ஆட்டத்தைப் பற்றியும் பேசாது, நிர்வாகத்தைப் பற்றியும் பேசாது. "நீ யார்?" என்று மட்டும் கேட்கும். ஆனால் அப்படி வெளிப்படையாகக் கேட்காது. நல்ல வார்த்தையில் போர்த்திக் கேட்கும். இங்கிலாந்து ரக்பியில் அந்த நல்ல வார்த்தை "அமெச்சூர்".

21 சங்கங்கள் போட்ட கையெழுத்து

1871 ஜனவரி 26ஆம் தேதி லண்டனில் ஓர் உணவகத்தில் 21 சங்கங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். ரக்பி ஃபுட்பால் யூனியன் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். பெரும்பாலும் பணக்காரப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், வணிகர்கள். அவர்களுக்குச் சனிக்கிழமை என்பது ஓய்வு நாள். ஆடினால் இன்பம். ஆடாவிட்டால் வேறு பொழுதுபோக்கு. ஆட்டத்தால் அவர்கள் கையை விட்டு ஒரு காசும் போகாது.

அதே ஆட்டம் வடக்கே போனது. யார்க்ஷயர், லங்காஷயர் என்ற மாநிலங்களுக்கு. அங்கே நிலக்கரிச் சுரங்கம், பஞ்சாலை, கம்பளி ஆலை, துறைமுகம். 1877இல் யார்க்ஷயர் கிண்ணப் போட்டி தொடங்கியது. ஊருக்கு ஊர் போட்டி. தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் ஆடவும் வந்தார்கள். சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுகிறவன் முன்வரிசையில் நின்று முட்டினால் யார் தாங்குவது? வடக்கத்திச் சங்கங்கள் ஜெயிக்கத் தொடங்கின.

இங்கேதான் பிரச்சினை. ஆலையில் சனிக்கிழமை காலை வேலை உண்டு. வெளியூர் ஆட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் அந்த அரைநாள் கூலி போகும். சில நேரம் முழுநாளும் போகும். அடிபட்டுப் படுத்துவிட்டால் வாரக் கூலியே போகும். நம் வீடுகளில் இதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. ஓவர்டைம் நாளில் மகன் ஆட்டத்துக்குப் போனால் மாதக் கடைசியில் எங்கே இடிக்கும் என்று இங்கே இருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும்.

ஆகவே சில சங்கங்கள் ஆட்டக்காரருக்கு, இழந்த கூலியை ஈடு கட்டின. சில சங்கங்கள் மறைமுகமாக அதற்கு மேலும் கொடுத்தன என்பதும் உண்மை. லண்டனில் இருந்த யூனியன் 1886இல் கடுமையான விதி கொண்டுவந்தது. ஆட்டத்துக்காகப் பணம் வாங்கக் கூடாது. ஆட்டக்காரனுக்கு வேலை வாங்கிக் கொடுப்பதும் கூடாது. மீறினால் தடை. 1893இல் ஹட்டர்ஸ்ஃபீல்ட் சங்கம், வேறு ஊர் ஆட்டக்காரர் இருவரை ஆசை காட்டி அழைத்ததற்காகத் தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு லங்காஷயரில் சால்ஃபோர்ட், லீ, விகன் போன்ற சங்கங்களுக்கும் அதே கதி.

1893 செப்டம்பர்: ஒரு வாக்கெடுப்பு

1893 செப்டம்பரில் லண்டனில் யூனியனின் பொதுக்கூட்டம். யார்க்ஷயர் பிரதிநிதிகள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். அதை நன்றாகக் கவனியுங்கள். அவர்கள் சம்பளம் கேட்கவில்லை. ஆட்டத்துக்காக உண்மையாகவே வேலை நேரத்தை இழந்தவருக்கு அந்த இழப்பை மட்டும் ஈடு செய்ய அனுமதி கேட்டார்கள். அவ்வளவுதான்.

வடக்கத்திச் சங்கங்களின் பிரதிநிதிகள் தனி ரயில் பிடித்து லண்டன் போனார்கள். ஆனால் நேரில் வராத சங்கங்களின் பதிலாள் வாக்குகளை எதிர்த்தரப்பு முன்கூட்டியே திரட்டி வைத்திருந்தது. தீர்மானத்துக்கு ஆதரவு 136. எதிர்ப்பு 282. தோற்றது.

தோற்றதோடு நிற்கவில்லை. உறுப்பியம் பற்றிய விதியை மாற்றி எழுதினார்கள். முழுக்க முழுக்க அமெச்சூர் ஆட்டக்காரர்களைக் கொண்ட சங்கங்களே உறுப்பினர் ஆகலாம். யூனியனின் தலைமையகம் லண்டன். எல்லாப் பொதுக்கூட்டங்களும் அங்கேதான் நடக்கும்.

அந்தக் கடைசி வரியைப் பாருங்கள். கூட்டம் எங்கே நடக்கும் என்பது சாதாரண விஷயம் போலத் தெரிகிறது. ஆனால் லண்டன் போய் வர ரயில் கட்டணம் வேண்டும். இரண்டு நாள் வேலையை விட வேண்டும். ஆகவே தொழிலாளர்களின் சங்கத்துக்கு வாக்கு இருக்கும், ஆனால் அதைப் போட ஆள் வர முடியாது. விதியில் ஒரு இடத்தில்கூடத் தொழிலாளி வரக் கூடாது என்று எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையே இல்லை. கூட்டம் நடக்கும் இடமும், இழந்த கூலியைத் தராத விதியும் சேர்ந்து அந்த வேலையைச் செய்துவிட்டன.

மூன்றாவது கூடை என்று நான் சொன்னது இதைத்தான். எல்லாருக்கும் ஒரே விதி என்று சொல்லலாம். பணம் வாங்காதே என்ற விதி வழக்கறிஞருக்கும் பொருந்தும், சுரங்கத் தொழிலாளிக்கும் பொருந்தும். ஆனால் ஒருவருக்கு அதனால் ஒன்றும் குறையாது. இன்னொருவருக்கு வீட்டில் அடுப்பு எரியாது. ஒரே விதி, இரண்டு விலை.

1895 ஆகஸ்ட் 29: ஹட்டர்ஸ்ஃபீல்ட்

1895 ஆகஸ்ட் 29ஆம் தேதி ஹட்டர்ஸ்ஃபீல்ட் ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திச் சங்கங்கள் கூடின. யூனியனில் இருந்து விலகி நார்தர்ன் யூனியன் என்ற புதிய அமைப்பைத் தொடங்க முடிவு செய்தார்கள். டியூஸ்பரி சங்கம் மட்டும் அன்று உடன்படவில்லை. ஸ்டாக்போர்ட், ரன்கார்ன் ஆகியவை சேர்ந்துகொள்ள, அடுத்த மாதமே 22 சங்கங்களோடு ஆட்டம் தொடங்கியது. இழந்த கூலிக்கு ஈடாக ஒரு நாளைக்கு அதிகபட்சம் 6 சில்லிங் தரலாம் என்று விதி செய்தார்கள்.

இதுதான் இன்று ரக்பி லீக் என்று அழைக்கப்படும் ஆட்டத்தின் பிறப்பு. 1906இல் ஒரு பக்கத்துக்கு 15 பேர் என்பதை 13 பேராக மாற்றினார்கள். 1922இல் ரக்பி ஃபுட்பால் லீக் என்று பெயர் மாற்றினார்கள். பழைய அமைப்பின் ஆட்டம் ரக்பி யூனியன் என்ற பெயரில் தொடர்ந்தது. நம் நாட்டுப் பள்ளிகளில் ஆடுவதும் யூனியன் வகையைச் சேர்ந்ததுதான்.

நம் நாட்டுக்கு அந்த ஆட்டம் யார் கையில் வந்தது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தோட்டத் துரைமார்களும் அரசாங்க, போலீஸ் அதிகாரிகளும் கொண்டுவந்த ஆட்டம் அது. மலாயா என்ற பெயரில் ஒரு போர்க்கப்பல் இருந்தது. அதன் செலவை ஏற்றது கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்கம். அந்த அரசாங்கத்தின் வருமானம் ஈயத்தில் இருந்தும் ரப்பரில் இருந்தும் வந்தது. 1921இல் அந்தக் கப்பல் இங்கே வந்து போனபின், அதன் பெயரில் ஒரு கிண்ணம் ரக்பிக்குக் கிடைத்தது. 1922இல் அந்தப் போட்டி தொடங்கியது. கப்பலுக்குப் பால் வெட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். கிண்ணத்துக்கு ஆடியவர்கள் துரைமார்கள். ஆட்டத்தின் வாசலில் யார் நின்றார்கள் என்று உங்களுக்கே புரியும்.

பிரிவினால் யாருக்கு நட்டம்?

தனி லீக் வேண்டும் என்று சொல்லும் தம்பிகள் இந்த இடத்தில் கை தட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். "பார்த்தீர்களா, அவர்கள் பிரிந்து போனார்கள், ஜெயித்தார்கள்!" உண்மைதான். பிரிந்து போனவர்களின் ஆட்டம் அழியவில்லை. நூற்றாண்டைத் தாண்டி வாழ்கிறது. ஆனால் மிச்சக் கதையையும் கேளுங்கள்.

முதலில், கதவைச் சாத்தியவர்களுக்கு என்ன ஆனது? 1893இல் யூனியனில் 481 சங்கங்கள் இருந்தன. பத்து ஆண்டில் 244 ஆகக் குறைந்தன. ஏறக்குறைய பாதி. 1892இல் பிரிட்டிஷ் தீவுகளுக்கு இடையிலான வெற்றிப் பட்டத்தை வென்ற இங்கிலாந்து குழு, அடுத்து அதை வென்றது 1910இல். முன்வரிசையில் நின்று முட்டியவர்களை வெளியே அனுப்பிவிட்டு எப்படி ஜெயிப்பது? ஆளை ஒதுக்கினால் ஒதுக்கியவருக்கும் நட்டம். உங்கள் மாவட்ட லீக்கிடம் பேசும்போது இதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது, வெளியே போன ஆட்டக்காரர்களுக்கு என்ன ஆனது? லீக் பக்கம் ஆடியவன் மறுபடி யூனியன் பக்கம் வர முடியாது. வாழ்நாள் தடை. ஒரு காசும் வாங்காமல் பொழுதுபோக்குக்கு ஆடியவனுக்கும் தடை. அமெச்சூர் என்பதுதான் விதி என்றால், காசு வாங்காதவனைத் தடுப்பது ஏன்? அப்போதுதான் தெரிகிறது, பிரச்சினை காசு மட்டும் அல்ல. "அந்தப் பக்கத்து ஆள்" என்ற முத்திரை.

அந்த முத்திரையை அழிக்க எவ்வளவு காலம் பிடித்தது என்று பாருங்கள். 1973இல் லீக் வகை ஆடும் அமெச்சூர் சங்கங்கள் ஹட்டர்ஸ்ஃபீல்டில் கூடித் தங்களுக்கென்று பார்லா என்ற சுருக்கப் பெயரில் ஒரு தேசியச் சங்கத்தை அமைத்தன. அவர்கள் விடாமல் கேட்டார்கள், எழுதினார்கள், மனு கொடுத்தார்கள். 1981இல் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு இடையே லீக் வகை ஆட்டம் முதன்முறையாக நடந்தது. 1987இல் காசு வாங்காத ஆட்டக்காரர்கள் இரு பக்கமும் ஆட வழி திறந்தது. 1994இல் பிரிட்டிஷ் இராணுவம் ரக்பி லீக்கை அங்கீகரித்தது. அதே ஆண்டு, இந்தப் பாகுபாட்டைத் தடை செய்ய வேக்ஃபீல்ட் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஹின்ச்லிஃப் ஒரு மசோதாவே கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஆனாலும் விஷயம் நாடாளுமன்றம் வரை போய்விட்டது.

கடைசியில் 1995 ஆகஸ்ட் மாத இறுதியில், உலக ரக்பி யூனியன் அமைப்பே அமெச்சூர் விதியைக் கைவிட்டது. ஹட்டர்ஸ்ஃபீல்ட் கூட்டம் நடந்து ஏறக்குறைய சரியாக நூறு ஆண்டு. நூறு ஆண்டுக்கு முன் இழந்த கூலிக்கு 6 சில்லிங் தரக் கூடாது என்று கதவைச் சாத்தியவர்கள், கடைசியில் முழுச் சம்பளத்தையே ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்கிடையில் எத்தனை தலைமுறை ஆட்டக்காரர்கள் பிறந்து, ஆடி, ஓய்ந்து போனார்கள்! ஆட்டக்காரனின் கால் நூறு ஆண்டு காத்திருக்காது. பத்துப் பதினைந்து ஆண்டுதான். தனி லீக் என்று முடிவு செய்யும் முன் இதை யோசியுங்கள். பிரிவது ஒரு நாள் கூட்டத்தில் முடியும். சேர்வதற்குத் தலைமுறைகள் ஆகும்.

வெளியே நின்றவர்கள் கட்டிய வாசல்

இனி சொல்லப் போவது கொஞ்சம் கசக்கும். ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தங்கள் வீட்டைக் கட்டியபோது வாசலை அகலமாக வைத்தார்களா? எப்போதும் இல்லை.

1892இல் யார்க்ஷயரின் பெரிய சங்கங்கள் சேர்ந்து ஒரு மூத்த லீக் தொடங்கின. கீழ்ப்பிரிவில் முதலாவதாக வரும் சங்கம் தானாக மேலே வரட்டும் என்று சின்னச் சங்கங்கள் கேட்டன. பெரிய சங்கங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய சங்கம் என்றால் வாசலில் வசூல் அதிகம். அதைப் பங்குபோட மனம் இல்லை. லண்டன் எங்களை நியாயமாக நடத்தவில்லை என்று குறை சொன்ன அதே சங்கங்கள்தாம் இவை.

பிரிந்தபிறகு 1898இல் நார்தர்ன் யூனியன் ஆட்டக்காரருக்குச் சம்பளம் தர அனுமதித்தது. ஆனால் ஆட்டக்காரன் வேறு ஓர் உண்மையான வேலையிலும் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். மதுக்கடையில் பரிமாறுவது, பில்லியர்ட்ஸ் மேசையில் புள்ளி எழுதுவது எல்லாம் வேலையாகக் கணக்கில் வராது என்றார்கள். அங்கேயும் "எந்த மாதிரி ஆள்" என்ற கேள்வி நுழைந்துவிட்டது. 1905இல்தான் அந்த விதியை எடுத்தார்கள்.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். வெள்ளையர்களின் ரக்பி சங்கங்கள் கறுப்பு, கலப்பின மக்களை ஏற்கவில்லை. ஆகவே கேப் டவுனில் அந்த மக்கள் தங்கள் சொந்த யூனியன்களை அமைத்தார்கள். 1886இல் ஒன்று. அதில் முஸ்லிம் சங்கங்கள் அதிகம். 1898இல் இன்னொன்று, சிட்டி அண்ட் சபர்பன் என்று பெயர். இந்த இரண்டாவது யூனியன் பல பத்தாண்டுகள் முஸ்லிம்களைச் சேர்க்கவில்லை. வெள்ளைக்காரன் சாத்திய கதவுக்கு வெளியே நிற்பவர்கள், தங்கள் பக்கத்தில் நிற்பவருக்கு இன்னொரு கதவைச் சாத்தினார்கள். வலி பட்டவனுக்கு அடுத்தவன் வலி தெரியும் என்பார்கள். தானாகத் தெரியாது. விதியில் எழுதி வைத்தால்தான் அது நிலைக்கும்.

நம் பக்கம் திரும்பிப் பார்ப்போமா? தனி லீக் தொடங்கினால் பக்கத்து மலாய்க் கம்பத்துப் பையன்கள், சீனக் கம்பத்துப் பையன்கள் ஆட வந்தால் சேர்ப்போமா? வேறு கோயிலைச் சேர்ந்தவர்கள், வேறு சாதிக்காரர்கள் என்று நமக்குள்ளேயே யாரையாவது ஓரமாக நிறுத்துவோமா? பெண் பிள்ளைகள் தனிக் குழு அமைத்து வந்தால் திடல் நேரம் கொடுப்போமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் தொடங்கும் லீக், இன்னொரு ஒற்றை வரிக் கடிதத்தை இன்னொருவருக்கு அனுப்பும் லீக்காகத்தான் முடியும்.

இன்றைய நடைமுறை

இன்று இங்கிலாந்தில் ஒரு புதிய அமெச்சூர் ரக்பி யூனியன் சங்கம் தொடங்கினால் என்ன செய்வார்கள்? முதலில் தங்கள் மாநில அளவிலான அமைப்பில் சேர வேண்டும். சட்டவிதி, திடல், பொறுப்பாளர், காப்புறுதி, சிறுவர் பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் காட்ட வேண்டும். பிறகு அந்த வட்டாரத்தின் கடைசிப் பிரிவில் தொடங்கி, ஆடி ஜெயித்து ஒவ்வொரு படியாக மேலே ஏற வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிப் பிரிவு. புதியவன் கீழே தொடங்குவதில் அவமானம் இல்லை. ஏறும் படி எழுத்தில் இருந்தால் போதும். ஏணி இருக்கும் வீட்டில் கீழ்ப்படியில் நிற்பது வேறு, ஏணியே இல்லாத வீட்டுக்கு வெளியே நிற்பது வேறு.

நம் நாட்டில் 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்ய ஒரு சட்டவிதி வேண்டும். உங்கள் குழுவுக்கு இருக்க வேண்டியது போலவே உங்களை மறுத்த லீக்குக்கும் அப்படி ஒரு சட்டவிதி இருக்க வேண்டும். அதில் உறுப்பியம் பற்றிய பகுதி இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படித்தீர்களா என்று செயலாளரிடம் கேட்டேன். இன்னும் கிடைக்கவில்லை என்றார். அங்கிருந்துதான் நாம் தொடங்க வேண்டும்.

என் ஆலோசனை

முடிவு உங்களுடையது. நான் வெளியூர்க்காரன். ஆனால் கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். முதலில் மறுபடியும் மனு போடுங்கள். ஆனால் முன்பு போட்டது போல அல்ல.

ஒன்று. லீக்கின் சட்டவிதியின் பிரதியை எழுத்து மூலம் கேளுங்கள். எந்தப் பிரிவின் கீழ் மறுத்தார்கள் என்றும் எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள். போனில் பேசியது காற்றோடு போகும். கடிதம் கோப்பில் இருக்கும்.

இரண்டு. வரும் பதிலை மூன்று கூடையில் பிரியுங்கள். திடல் இல்லை என்றால் அது நியாயமான குறை. நகராண்மைக் கழகத்திடமோ பள்ளியிடமோ திடல் அனுமதிக் கடிதம் வாங்குங்கள். கணக்கு இல்லை என்றால் அதுவும் நியாயமான குறை. குறையைச் சொன்னவர் மீது கோபப்படாமல் சரி செய்யுங்கள். ஆனால் மூன்றாவது கூடையில் விழும் நிபந்தனை ஏதாவது இருந்தால், அது ஆட்டத்துக்கு ஏன் தேவை என்று மரியாதையாகக் கேளுங்கள்.

மூன்று. உங்கள் தாள்களை ஒழுங்காக வையுங்கள். பதிவுச் சான்றிதழ், செயலவைப் பட்டியல், கூட்டக் குறிப்பு, வரவு செலவு. பிள்ளைகளின் வயதுச் சான்றிதழ் பிரதிகள். இந்த வேலைக்கு இங்கே இருக்கும் அக்காமார்களில் ஒருவரைப் போடுங்கள். சீட்டுக் கணக்கை ஒரு காசு பிசகாமல் எழுதுகிறவர்களுக்குச் சங்கக் கணக்கு ஒரு பெரிய காரியமா?

நான்கு. முழு உறுப்பியம் தர யோசித்தால், ஓராண்டு சோதனை உறுப்பியம் கேளுங்கள். ஆனால் அதற்கு முடிவு தேதி வேண்டும். தேதி இல்லாத சோதனை சாகும்வரை சோதனைதான்.

ஐந்து. உள்ளே போனபிறகு கூட்டங்களுக்குப் போங்கள். லண்டனில் நடந்த வாக்கெடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை நேரத்தில் கூட்டம் வைத்தால், வேலை முடிந்தபின் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்குப் பின்னால் விண்ணப்பம் செய்யும் புதிய குழுவுக்கு, எந்த இனமாக இருந்தாலும், நியாயமாகக் கை தூக்குங்கள்.

இவ்வளவும் செய்தபிறகும் காரணமே சொல்லாமல் கதவு சாத்தப்பட்டால்? அப்போது தனி லீக் பற்றிப் பேசலாம். அதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஹட்டர்ஸ்ஃபீல்டில் கூடியவர்கள் ஆத்திரத்தில் ஒரே நாளில் பிரிந்தவர்கள் அல்லர். பல ஆண்டு கேட்டார்கள், ரயில் ஏறிப் போய் வாக்களித்தார்கள், தோற்றார்கள், தடைகளைத் தாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் பிரிந்தார்கள். அப்படிப் பிரிய நேர்ந்தால், உங்கள் லீக்கின் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள். யாரும் விண்ணப்பிக்கலாம். மறுத்தால் காரணம் எழுத்தில் தரப்படும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். அந்த மூன்று வரி உங்கள் கடிதத்தில் இல்லாமல் போனதால்தானே இன்று நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்?

தம்பிகளே, விதி என்பது வானத்தில் இருந்து விழுவது அல்ல. யாரோ ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதியது. அந்த மேசையில் நமக்கு ஒரு நாற்காலி கேட்போம். கிடைத்தபிறகு நம் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட இடம் வைப்போம்.

வாக்கெடுப்பை நடத்துங்கள்.